தையல்காரி வீட்டு மா

கொய்யாவை ஆள் உயரத்துக்கு மேல் விடக்கூடாது, ஐயா. விட்டால் பழம் அணிலுக்கு, சருகு நமக்கு. காய்ப்பு ஓய்ந்ததும் நுனிகளை வெட்டிக் கவாத்து செய்துவிட்டால் பக்கத்தில் கிளை வெடிக்கும்; நின்ற இடத்திலிருந்தே பறிக்கலாம். "எது தலை தூக்கினாலும் உங்களுக்குப் பொறுக்காதே" என்று என் மனைவி கேலி செய்வாள். எனக்குக் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் தையல்காரி. தனியாள். அவள் கொல்லையில் ஒரே ஒரு மா, மிஷின் போட்டிருக்கும் அறையின் ஜன்னலுக்கு நேராக. அதையும் வருஷா வருஷம் நானே வெட்டிக் கொடுத்துவந்தேன். பதிலுக்கு ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கியதில்லை. மரம் தாழ்ந்திருந்தால் என் மாடி அறையிலிருந்து அவள் ஜன்னல் தெரியும். ஊசியில் நூல் கோப்பாள். பல்லால் நூலைக் கடிப்பாள். சில சமயம் தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். தப்பாக எதையும் நான் பார்த்ததில்லை. பார்க்காத நாளில் எனக்கு இருப்புக் கொள்ளாது. மாடிக்கும் தோட்டத்துக்குமாக நடந்துகொண்டே இருப்பேன்.

இந்த வருஷம் அவள் வேண்டாம் என்றாள்.

"மரம் வளரட்டும் அண்ணே. ஜன்னலை மறைச்சா நல்லது."

"ஏம்மா, வெளிச்சம் வேணாமா?"

"யாரோ பாத்துக்கிட்டே இருக்கற மாதிரி இருக்கு. யாருன்னுதான் தெரியல."

"பிரமையா இருக்கும்மா" என்றேன்.

மா கொழுந்து விட்டது. இலை விரிய விரிய முதலில் மிஷின் மறைந்தது, பிறகு அவள் கைகள், பிறகு முகம். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம் மதிலேறிக் குதித்து வெட்டினேன். அடியோடு அல்ல; தேவையான அளவுதான்.

திரும்பி வந்தவள் மரத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக நிமிர்ந்து என் மாடியைப் பார்த்தாள். நான் சற்று ஒதுங்கிக்கொண்டேன்.

உள்ளே போய், ஜன்னலுக்குத் திரை கட்ட ஸ்டூலில் ஏறினாள். அவசரம். ஸ்டூல் சாய்ந்தது. மிஷினின் இரும்புக் காலில் தலை மோதியது.

துணி ஒரு முனையில் தொங்கிவிட்டதால் எல்லாம் தெரிந்தது. அவள் கை தரையைத் தடவிக்கொண்டிருந்தது. ஒரு குரல் கொடுத்திருந்தால் தெருவே ஓடி வந்திருக்கும். ஆனால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். மா வெட்டிய கத்தரி கையிலேயே இருந்தது. அதைத் திறந்து திறந்து மூடினேன்.

"என்னங்க, சாப்பிட வரலையா?" என்று கீழேயிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"நீ சாப்பிடு" என்றேன்.

வெயில் சாயும்வரை அந்தக் கை அசைந்தது. பிறகு அசையவில்லை.

உடனே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னாராம். இருக்கலாம். ஆனால் தெருவில், பாவம், யாருமில்லாமல் தனியாகக் கிடந்து செத்தாள் என்று பேசிக்கொள்கிறார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். அவளைத் தனியாக விட்டுவிட்டு ஒரு கணம்கூட நான் நகரவில்லை, ஐயா.