எண்ணெய் படாத சிப்ஸ்

நல்ல சிப்ஸ் வேண்டுமென்றால் கிழங்கைச் சீவிய கையோடு குளிர்ந்த தண்ணீரில் போட்டுவிட வேண்டும், ஃபாதர். மேலிருக்கும் மாச்சத்து கழுவப்பட்டால்தான் மொறுமொறுப்பு வரும். அதற்குப் பிறகு எண்ணெயில் பொரிப்பதா ஓவனில் வைப்பதா என்பது அவரவர் மனச்சாட்சி. என் பாவம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்பதால் இதை முதலில் சொல்லிவைக்கிறேன்.

என் கணவர் இக்னேசியஸை உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஞாயிறு பூசையில் பாடற்குழுவை விட அரை வரி முந்திப் பாடுகிறவர். விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் உலரும் முன்பே உங்களை வாசலில் மறித்து, தவக்காலம் முடியும்வரை பொரித்தது எதையும் தொடுவதில்லை என்று நேர்ந்திருப்பதாகச் சொன்னார். அடுத்த மூச்சில், "ஃபாதர், பேக் பண்ணின சிப்ஸும் பொரியலுக்குள்ள வருமோ?" என்று கேட்டார். நீங்கள் சிரித்துவிட்டு, "எண்ணெய்ச் சட்டிக்குள்ள விழாட்டி அது பொரியலில்லை, அங்கிள்" என்றீர்கள். உங்களைக் குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் இதில் உங்களுக்கும் ஒரு சின்னப் பங்கு இருக்கிறது.

அப்போது என் கழுத்தில் ஒரு கட்டி இருந்தது. இப்போதும் இருக்கிறது. டொக்டர் தடவிப் பார்த்துவிட்டு ஸ்கானுக்கு அனுப்பினார், பிறகு ஊசி குத்தி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதே கிழமையில் இக்னேசியஸின் இரத்தப் பரிசோதனை முடிவும் வந்தது. கொழுப்பு அதிகமாம். என் கட்டியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் கொழுப்புக்கு நேர்த்தி வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நான் சத்தம் போடுகிற ஆளில்லை.

முதற் கிழமை நேர்மையாக ஓவனில்தான் வைத்தேன். பாதி கருகியது, மீதி தோல் மாதிரி இழுபட்டது. அவர் வேதசாட்சியின் முகத்தோடு அதைத் தின்றார். தின்றதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, பாடமும் நடத்தினார். என் மீன் கட்லட்டைப் பார்த்து, "உது நஞ்சு, பேர்ணடெற்" என்றார். எங்கள் மகள் ஸ்டெபனி மார்க்கம் நகரில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். அவள்தான் எடுத்துச் சொன்னாள். "அப்பா, பேக்ட் எண்டா ஃபாட்தான் குறைவு. கார்ப்ஸும் உப்பும் சேம்தான். கருகினது நல்லதுமில்லை. அதைவிட, நீங்க ஒரு சட்டி முழுக்க முடிக்கிறீங்க."

"பேக் பண்ணினதுதானே, பிள்ளை" என்று அவர் அடுத்த பிடியை அள்ளினார்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு யோசனை வந்தது. பொரித்த சிப்ஸ் என்றால் ஒரு பிடியோடு பயந்து நிறுத்துகிற மனிதர், பேக் என்ற சொல்லைக் கேட்டதும் சட்டியோடு முடிக்கிறார். அவருக்கு வேண்டியது அந்தச் சொல்தான். சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு சிப்ஸை மட்டும் மாற்றினேன்.

எங்கள் ஸ்காபரோ வீட்டின் பேஸ்மெண்டில் இன்னோர் அடுப்பு இருக்கிறது. மேலே தொங்கும் கோட்டுகளில் மீன் மணம் ஏறக்கூடாதென்று கனடாவில் நம் ஆட்கள் எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். டேகெயார் வேலை முடிந்து மத்தியானம் வந்ததும் கீழே இறங்கிப் பொரித்தேன். பேப்பர் டவலில் ஒற்றினேன், மறுபடியும் ஒற்றினேன். சட்டியைக் கழுவி, யன்னலைத் திறந்துவிட்டு, தலைக்குக் குளித்தேன். மணம் மிஞ்சினால் காட்டுவதற்கு ஸ்டெபனிக்கென்று இரண்டு துண்டு மீனும் பொரித்து வைத்தேன். அவருடைய கார் ட்ரைவ்வேயில் ஏறும் சத்தம் கேட்டதும் சிப்ஸை ட்ரேயில் பரப்பி மேலே ஓவனுக்குள் தள்ளினேன். அவர் சப்பாத்துக் கழற்றும் நேரத்தில் கையுறை போட்டு வெளியே எடுத்தேன். அவை ஓவனிலிருந்து வந்த சிப்ஸ் என்பது உண்மைதான், ஃபாதர். அதைப் பொய் என்று நான் இன்றுவரை எண்ணவில்லை.

அவர் ஒன்றை எடுத்துக் கடித்தார். கண்ணை மூடினார். "பேர்ணடெற், நல்லாயிருக்கு" என்றார்.

நாங்கள் கலியாணம் முடித்த அடுத்த வருடம் பிறந்த ஸ்டெபனிக்கு இப்போது கலியாணம் பேசுகிறோம். இத்தனை காலமும் அவர் என் சமையலைப் பற்றி உப்புக் கூட என்றோ புளி குறைவு என்றோதான் சொல்லியிருக்கிறார். நன்றாக இருந்தால் பேசாமல் சாப்பிடுவார், அவ்வளவுதான். நல்லாயிருக்கு என்ற சொல்லை அவர் வாயால் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். எனக்குக் கூச்சமாகவும் சந்தோசமாகவும் இருந்தது. தவக்காலம் முடிந்து உயிர்த்த ஞாயிறன்று சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் முன்னால் விசயத்தை உடைத்து அவரைச் சிரிப்பாக்க வேண்டும் என்பதுதான் என் திட்டம். அடுத்த நாளும் அவர் நல்லாயிருக்கு என்றார். திட்டத்தை மறந்துவிட்டேன்.

அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாரா? "எண்ணெய் படாத சிப்ஸ்" என்று நம் கோயில் பங்கு முழுவதும் பரப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைச் செபம் முடிந்து மண்டபத்தில் சூப் கொடுக்கும்போது நான் இரண்டு ட்ரே கொண்டுவர வேண்டியதாயிற்று. கோயிலுக்கு வரும் அலெக்ஸாண்டர் அண்ணைக்குப் போன வருடம்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். "எண்ணெய்ச் சாமான் எல்லாத்தையும் டொக்டர் நிப்பாட்டிப் போட்டார், தங்கச்சி. உது ஒண்டுதான் எனக்கு மிச்சம்" என்று திரும்பத் திரும்ப எடுத்தார். அன்றிலிருந்து அவர் வீட்டுக்குக் கிழமைக்கு ஒரு டப்பா போகிறது. சின்ன டப்பாதான். இதுவரை நலமாக இருக்கிறார், நேற்றும் விசாரித்தேன். நீங்களும் அன்றைக்கு மூன்று தரம் வந்து எடுத்தீர்கள். மூன்றாம் தரம் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தீர்கள்.

குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிந்து நானும் ஸ்டெபனியும் காரில் ஏறினோம். இக்னேசியஸ் இன்னும் வாசலில் யாரோடோ பேசிக்கொண்டு நின்றார். ஸ்டெபனி பின்னாலிருந்து மெல்லச் சொன்னாள். "அம்மா, அப்பா உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டவர். அந்த நேர்த்தி அவற்ற கொலஸ்ட்ரோலுக்கு இல்லை. உங்கட நெக்குக்கு. ரிசல்ட் நல்லா வரவேணும் எண்டு மடு மாதாவுக்கு வைச்சவர். கேட்டா அழுதிடுவார். ப்ளீஸ், கேக்காதீங்க."

மடியில் இருந்த குருத்தோலையை நான் மடித்துக்கொண்டே இருந்தேன். அவர் என் கட்டியைப் பற்றிக் கேட்காமல் இருந்தது பயத்தில்தான். அந்தப் பயத்தோடு அவர் வைத்த நேர்த்தியைத்தான் நான் நாள்தோறும் பேஸ்மெண்டில் எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை நான் பொரிக்கவில்லை. இதைக் கணக்கில் எடுங்கள், ஃபாதர். உண்மையாகவே ஓவனில் வைத்து எடுத்தேன். அவர் ஒன்றைக் கடித்தார், மென்றார், மிச்சத்தைக் கீழே வைத்தார்.

"இண்டைக்கு உமக்கு உடம்புக்கு ஏலாமல் கிடக்கோ?" என்று கேட்டார்.

"இல்லையே. ஏன்?"

"சும்மா கேட்டனான்."

அவருடைய கண் என் கழுத்துக்குப் போய் அங்கேயே நின்றது. நோய் என் சமையல் கைக்கும் வந்துவிட்டது என்று முடிவெடுத்துவிட்டார். பிறகு எழுந்து போய் ட்ரேயைத் தானே கழுவினார். இந்த வீட்டில் அவர் கழுவிய முதற் பாத்திரம் அதுதான். டிவி போடவில்லை, மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த முகத்தை உங்களால் தாங்கியிருக்க முடியாது. என்னாலும் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் பேஸ்மெண்டுக்கு இறங்கினேன். அவர் சாப்பிட்டார். "இப்பதான் சரி. நல்லாயிருக்கு" என்றார். முகத்தில் இரத்தம் திரும்பி வந்தது.

நான் இதை நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன். நேர்ந்தவருக்கே தெரியாமல் நேர்த்தி முறியாது. அவர் மனமறிய ஒரு பொரியலும் தொடவில்லை. மாதாவும் ஒரு வீட்டை நடத்தியவர்தான். ஓவனைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார், பேஸ்மெண்டுக்கெல்லாம் இறங்கமாட்டார். முதலில் எடுத்தது போதாதென்று கட்டியில் மறுபடியும் ஊசி குத்தினார்கள், அந்த முடிவு உயிர்த்த ஞாயிறு கழிந்து வருகிறது. நல்லதாக வந்தால் சிப்ஸின் மகிமையை அவர் ஸ்காபரோ முழுக்கச் சொல்லித் திரிவார், நான் பேசாமல் இருப்பேன். கெட்டதாக வந்தால் தன் நேர்த்தியில் எங்கே பிழை விட்டேன் என்று தேடுவார். அப்போதும் பேசாமல்தான் இருப்பேன்.

கோபத்தில் தொடங்கினேன், அவருடைய நிம்மதிக்காகத் தொடர்கிறேன். இரண்டும் உண்மை. ஆனால் அந்த ஒரு சொல்லைக் கேட்காமல் இனி ஒரு பின்னேரம் என்னால் இருக்க முடியாது. முழு உண்மை அதுதான்.

நான் மனம் வருந்துகிறேன், ஃபாதர். இனிச் செய்யமாட்டேன் என்றும் சொல்ல வேண்டும் என்று தெரியும், அந்த வசனத்துக்கும் வருகிறேன். நீங்கள் கொஞ்சம் கெதியாக மன்னித்தால் உதவியாக இருக்கும். கிழங்கைச் சீவித் தண்ணீரில் போட்டுவிட்டுத்தான் வந்தேன், அவர் வருவதற்குள் பொரித்துவிட வேண்டும்.