கை நோகாத தடுப்பு

ஸரீனா: மூச்சு விடுங்க வேலம்மாக்கா! அடக்கிக்கிட்டு நின்னா கை எப்படி எழும்பும்?

வேலம்மா: விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்...

ஸரீனா: எங்க விடுறீங்க? மூஞ்சி செவந்து போச்சு. திரும்ப. எடது கை இடுப்புக்கு, வலது கை... அது எடது!

வேலம்மா: கத்தாத தாயி. நாலு மாசமா ஒங்க கடையில பொத்தான் தச்சே எனக்கு எடது வலது மறந்து போச்சு.

ஸரீனா: சிரிக்காதீங்க. வயித்துக்கிட்ட இருந்து மூஞ்சிக்கு முன்னால, அப்படியே நெத்திக்கு மேல. கடைசில முன்னங்கையத் திருப்பணும். திருப்பினா அடி சறுக்கிப் போயிரும். நேரா வாங்கினா எலும்புக்குத்தான் நோவு.

வேலம்மா: மணி என்னா?

ஸரீனா: பன்னெண்டே முக்கால். ஜும்மா தொழுகை முடிஞ்சு எங்க நானா, கூடப் பொறந்தவரு, வந்து கடை தொறக்க ஒன்றரை ஆகும். இதோட மூணு தரம் மணி கேட்டுட்டீங்க.

வேலம்மா: அவரு தனியா இருக்காரு புள்ள. லயத்து வீடுகள்ல எல்லாரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருப்பாங்க.

ஸரீனா: அழகையா அண்ணன் என்ன சின்னப் புள்ளயா?

வேலம்மா: சின்னப் புள்ளயா இருந்தா தேவலயே... சரி, அடி. அடிச்சுக் காட்டு.

ஸரீனா: இந்தா! பாத்தீங்களா? கை தானாப் போச்சு!

வேலம்மா: ஆமா... ஆமா புள்ள! போச்சு!

ஸரீனா: ரெண்டு வெள்ளிக்கெழமையில இது வந்ததே பெரிசு. எனக்கு மூணு மாசம் புடிச்சிச்சு. மாத்தளையில கராத்தே ஸேர் பிரம்பால தட்டித் தட்டித்தான்...

வேலம்மா: பொம்பளப் புள்ளைகளுக்குக் கிளாஸ் வைக்கப் போறேன்னியே, அவளுகளும் இப்பிடித்தான் தடுமாறுவாளுகளா?

ஸரீனா: அதுக்குத்தானே ஒங்கள வச்சுப் பழகுறேன்... சட்டைக் கைய மடிச்சு விடுங்க. முன்னங்கை திரும்புறது எனக்குத் தெரியல்ல.

வேலம்மா: வேணாம்! அப்பிடியே இருக்கட்டும்.

ஸரீனா: காட்டுங்க... இது என்ன?

வேலம்மா: தேயிலச் செடி வாதுல இடிச்சிக்கிட்டேன்.

ஸரீனா: மலைக்குப் போறத விட்டுட்டுத்தானே நீங்க இங்க தைக்க வந்தீங்க?

வேலம்மா: கதவுல... கதவுலன்னு சொல்ல வந்தேன்.

ஸரீனா: சரி. கதவு.

வேலம்மா: ஸரீனா...

ஸரீனா: ம்?

வேலம்மா: இத நின்னுக்கிட்டுத்தான் செய்யணுமா? படுத்துக்கிட்டு செய்ய முடியாதா?

ஸரீனா: படுத்துக்கிட்டா?

வேலம்மா: சும்மா கேட்டேன்... இன்னொன்னு. தடுக்கையில, அடிக்கிறவங்க கைக்கு வலிக்குமா?

ஸரீனா: நல்லா வலிக்கும்! ஸேர் சொல்லுவாரு, ஒழுங்காத் தடுத்தா அவன் ரெண்டாவது தரம் கை ஓங்க...

வேலம்மா: அப்ப எனக்கு இது வேணாம். செருப்பு எங்க? நா போறேன்.

ஸரீனா: வேலம்மாக்கா! ஒக்காருங்க. தண்ணி குடிங்க மொதல்ல... இப்ப சொல்லுங்க. யாரு கை அது?

வேலம்மா: இரு, அந்த ரயிலுச் சத்தம் போகட்டும்...

ஸரீனா: போயிருச்சு.

வேலம்மா: முழிச்சிருக்கப்ப அவரு என் மேல ஒரு வெரலு வச்சதில்ல புள்ள. சாமி சத்தியமா. கொழும்புல குண்டு வெடிச்ச மறுநாள், தங்கியிருந்த லொஜ்ஜுல வச்சுப் பொலிசு புடிச்சாங்க. பதினோரு மாசம் உள்ள வச்சிருந்தாங்க. அப்புறம் கேஸ் ஒன்னும் இல்ல, வீட்டுக்குப் போன்னு விட்டாங்க. வந்ததுல இருந்து தூக்கத்துல... மொதல்ல மூஞ்சிய மறைச்சிக்குவாரு. "எப்பா மாத்தியா, எப்பா மாத்தியா"ன்னு சிங்களத்துல, அடிக்காதீங்க ஐயான்னு கெஞ்சுவாரு. அப்புறம் கையும் காலும் வீசுவாரு. பக்கத்துல கெடக்குறது நான்னு அவருக்குத் தெரியாது.

ஸரீனா: தள்ளிப் படுக்கலாந்தானே?

வேலம்மா: ஒரு நாளு அடுப்படியில படுத்தேன். முழிச்சுப் பாத்திருக்காரு, நா இல்ல. என்னயும் புடிச்சிட்டுப் போயிட்டாங்கன்னு லயம் பூரா ஓடி ஒவ்வொரு வீடாத் தட்டுனாரு. அன்னிக்கு அவரு அழுத அழுகை...

ஸரீனா: யா அல்லாஹ்...

வேலம்மா: வலது மணிக்கட்ட ஒடச்சு அனுப்பியிருக்காங்க. கோணலாச் சேந்திருக்கு. அதுல எதுவும் பட்டா அன்னிக்குப் பூரா தேத்தண்ணிக் கோப்பையக்கூடத் தூக்க முடியாது. நா எலும்பால தடுத்தா அந்தக் கை என்னாகும் சொல்லு? காலையில என்னப் பாத்து "என்னா இது"ன்னு கேப்பாரு. வெறகுக் கட்டும்பேன், தண்ணிக் கொடம்பேன். சொல்ல இனிப் பொய்யி இல்ல ஸரீனா. தெரிஞ்சா செத்துருவாரு மனுசன்.

ஸரீனா: படுங்க.

வேலம்மா: என்னா?

ஸரீனா: இந்தத் துணிக் கட்டு மேல படுங்க. நா பக்கத்துல படுக்கிறேன். முஷ்டி வேணாம், கைய விரிங்க. மணிக்கட்டத் தொடாதீங்க. முழங்கைக்கு மேல, உள்ளங்கையால... தள்ளாதீங்க! தள்ளினா இன்னும் வீசுவாங்க. கை போற பக்கமே கூடப் போங்க. போயி அணைச்சு நெஞ்சோட சேத்துக்கோங்க. இந்தா, வீசுறேன்...

வேலம்மா: ஐயோ!

ஸரீனா: பரவாயில்ல. திரும்ப.

வேலம்மா: இது ஒங்க கராத்தேயில இருக்கா?

ஸரீனா: இல்ல. நானே யோசிச்சது. வீசுறேன்... ஆ! பாத்தீங்களா! எனக்கு நோகவே இல்ல. இன்னொரு தரம்.

வேலம்மா: வேகமா வீசு. அவரு இன்னும் வேகமா வீசுவாரு... வந்திருச்சு! புள்ள, கை அப்பிடியே நிக்கிது!

ஸரீனா: இப்ப எடம் மாறுவோம். செவுத்துப் பக்கம் அண்ணன், வாசப் பக்கம் நீங்க. அப்ப அவரோட எடது கைதான் மொதல்ல ஒங்க மேல...

வேலம்மா: இரு.

ஸரீனா: என்ன?

வேலம்மா: அவரு செவுத்துப் பக்கம் படுக்கிறது ஒனக்கு யாரு சொன்னா?

ஸரீனா: நீங்கதானே இப்ப...

வேலம்மா: நா சொல்லல.

ஸரீனா: கைய நீட்டுங்க அக்கா, இன்னொரு தரம்...

வேலம்மா: ஸரீனா, என் மூஞ்சியப் பாரு. இதப் பத்தி நா பெத்த தாயிகிட்டக்கூட வாய் தொறந்ததில்ல. யாரு சொன்னா?

ஸரீனா: சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்தேன் அக்கா. கிளாஸ்னு சொன்னது, தெரியாத மாதிரிக் கேட்டது எல்லாம் அதுக்குத்தான்.

வேலம்மா: யாருக்கு?

ஸரீனா: அழகையா அண்ணனுக்கு. மூணு வாரத்துக்கு முந்தி, நீங்க நூல் வாங்க மாத்தளைக்குப் போன அன்னைக்கு வந்தாரு. உள்ளுக்கு வாங்கன்னேன், வரல்ல. வாசல்லயே நின்னாரு. "சாரத் துணியால கையக் கட்டிக்கிட்டுப் படுத்தும் பாத்தேன் தங்கச்சி, அவுந்துருது. ஒரு நாளு முழிச்சப்ப என் கை அவ மூஞ்சி மேல கெடந்துச்சு. அவ தூங்குற மாதிரிக் கெடந்தா. நானும் கண்ண மூடிக்கிட்டேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. என்னத் தடுக்குறதுக்கு அவளுக்குச் சொல்லிக் குடும்மா"ன்னாரு.