எடை போட்ட காய்

மூலனூரில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் மடியில் முருங்கைக்காய்ப் பை. இளையவள் கழுத்தில் பனியன் கம்பெனி அட்டை. மூத்தவள் சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்த செல்போனை அணைத்து வைத்துவிட்டேன்.

"என் புள்ளைக்குச் சொத்து வேண்டாம்னு நானேதான் சொன்னேன் கண்ணு."

"ஏனுங்கக்கா?"

"அவங்கப்பா செத்து, எனக்கு விதவை பென்சன் வந்த புதுசு. எங்கய்யன் ரெண்டு ஏக்கரா முருங்கைக்காட்டைப் பேத்தி பேருக்கு எழுதறேன்னாரு. ஊட்டுல சொத்திருந்தா பென்சனை நிறுத்திப்போடுவாங்கன்னு பயந்துட்டேன்."

"தாலுக்கா ஆபீசுல கேட்டிருக்கலாமுங்களே?"

"கேட்டா விசாரிக்க வந்துருவாங்கன்னு அதுக்கும் பயம். எங்கய்யன் காட்டை அண்ணன் பேருக்கே எழுதிட்டுப் போய்ச் சேர்ந்துட்டாரு."

"பாப்பா இப்ப என்னங்க பண்ணுது?"

"காலேஜுக்குக் கட்ட முடியல. உன்னையாட்டம் கம்பெனிக்குத்தான் போகுது."

இளையவள் கேட்டாள். "பென்சனாச்சும் வருதுங்களா?"

"மாசம் தவறாம வருது." மூத்தவள் பையை இழுத்து அணைத்துக்கொண்டாள். "இந்தக் காயே அதுல வாங்குனதுதான். அந்தக் காட்டுக் காய்தான். அண்ணன் எடை போட்டுத்தான் குடுத்தாரு."