அரங்க வாசலில் கார்க் கண்ணாடி உடைந்த விதம்

எனது பெயர் பீலிக்ஸ் கத்தரீனா. வயது நாற்பத்தாறு. பிறந்த இடம் மன்னார், பேசாலை. தற்போது இத்தாலியில், பகேரியாவுக்கு அடுத்த வில்லாமோராவில், ரயில் நிலையத்துக்குப் பின்னாலுள்ள மாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். பலெர்மோவில் லிபெர்த்தா பகுதியிலுள்ள சின்யோர் ருஜேரோ வீட்டில் ஒன்பது வருடங்களாகச் சமையலும் துப்புரவும் செய்து வருகிறேன். இத்தாலியம் பேசுவேன், வாசிக்கத் தெரியாது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் துசானி மூலம் தமிழில் கூறுகிறேன்.

சின்யோர் ருஜேரோ ஒரு கூடைப்பந்து அணியின் சொந்தக்காரர். போன மார்கழியில் எங்கள் ஊர் நகரசபை அந்த அணிக்குத் தன் செலவில் புதிய அரங்கு கட்டிக் கொடுக்கத் தீர்மானித்தது. அதே கூட்டத்தில் குப்பை வரியையும் சந்தைக் கடைகளுக்கான இடவரியையும் உயர்த்தினார்கள். என் கணவர் அன்ரனி பீலிக்ஸ் அந்தச் சந்தையில் பதினொரு வருடம் மரக்கறி விற்றவர். தை மாதக் கடைசியில் தராசைப் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, கடையை மூடி வீட்டுக்கு வந்தார். அதன் பின்னரும் விடிய நாலு மணிக்கே எழும்பி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பார்.

அதன் பின்னர் ஒரு நாள், சட்டைகளை அயன் பண்ணிக்கொண்டிருந்தபோது, வரி ஏன் கூடியது என்று சின்யோரிடம் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. வரி நகரசபையின் விடயம் என்றும், அரங்கு வந்தால் ஊருக்கே நன்மை என்றும் சொல்லி, ஆட்டம் பார்க்க இரண்டு நுழைவுச் சீட்டுத் தந்தார். நன்றி சொல்லி வாங்கினேன். என் கணவரின் தொழில் என்னவென்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

பங்குனி பதினான்காம் திகதி வெள்ளிக்கிழமை அரங்குக்கு அடிக்கல் நாட்டினார்கள். விருந்தினருக்குப் பரிமாற என்னையும் கூட்டிச் சென்றார்கள். சின்யோர் காரை ஓட்டினார். அவர் மனைவி சின்யோரா பக்கத்தில் இருந்தார். நான் பின் இருக்கையில் கேக் தட்டை மடியில் வைத்திருந்தேன். பத்தரை மணியளவில் அரங்குக் காணியின் வாசலில் சந்தைக்காரர் இருபது பேர் வரை மறித்து நின்றார்கள். முன்னால் நின்றவர் என் கணவர். அவர் அங்கு வருவது எனக்குத் தெரியாது. காரில் நான் இருப்பது அவருக்கும் தெரியாது. அவர் இரண்டு கைகளையும் காரின் முன்மூடியில் வைத்தார். அதன் பின்னர் முன் கண்ணாடிக்குள்ளால் என்னைக் கண்டார். கண்டதும் கைகளை எடுத்துவிட்டு ஒரு பக்கமாக விலகினார்.

சின்யோர் திரும்பிப் பார்க்காமல், "இவர்களில் யாரையாவது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

நான், "இல்லை" என்றேன்.

அதன் பின்னர் சின்யோர் காரை வேகமாக எடுத்தார். பக்கக் கண்ணாடி என் கணவரின் கையில் அடித்து உடைந்தது. அவர் விழுந்தார். கார் நிற்கவில்லை. அதன் பின்னர் நான் நாற்பது பேருக்குக் கேக் வெட்டிப் பரிமாறினேன்.

பின்னேரம் வீட்டுக்குப் போனபோது அவர் கையில் மாவுக்கட்டு இருந்தது. "நீர் வாய் திறக்காதது நல்லது. உம்மட வேலையும் போனா நாங்கள் எங்கை போறது?" என்றார்.

திங்கட்கிழமை சின்யோர் என்னைக் கூப்பிட்டு, காருக்கு முன்னால் நின்ற ஆள் தடியால் கண்ணாடியை உடைத்ததாகப் பொலிஸில் முறைப்பாடு செய்திருப்பதாகவும், பொலிஸ் கேட்டால் நானும் அப்படியே சொல்ல வேண்டும் என்றும் கூறினார். என் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கத் தேவையான வேலைக் கடிதத்தை அந்தக் கிழமையே தருவதாகவும் அதே மூச்சில் சொன்னார். மிரட்டினார் என்று நான் கூறவில்லை.

அந்த மனிதரின் கையில் தடி இருக்கவில்லை. அவர் என் கணவர். காரில் நான் "இல்லை" என்றது பொய்.

இந்த வாக்குமூலத்தைச் சின்யோர் பார்ப்பாரா என்று இதைப் பதியும் பொலிஸ் அதிகாரியிடம் கேட்டேன். அவருடைய வழக்கறிஞருக்குப் பிரதி போகும் என்றார். அப்படியானால் தடி இல்லை என்பதை வைத்துக்கொண்டு, அவர் என் கணவர் என்ற வசனத்தை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். சொன்னதை எடுக்க முடியாது என்றார்.

துசானி இதை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். எல்லாம் நான் கண்டதும் செய்ததும்தான், கூட்டியோ குறைத்தோ எதுவும் இல்லை என ஏற்றுக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) பீ. கத்தரீனா
20 பங்குனி 2025