நாப்பது வரியும் பச்சை

இல்ல சார், அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. புதுசா வந்த அந்தப் பொண்ணு எழுதுன புரோகிராம் எப்படி வேலை செய்யுதுன்னு எங்கிட்டக் கேட்டா எப்படி? நான் எட்டிக்கூடப் பாத்ததில்ல. பதினோரு வருஷமா இந்த ஆஸ்பத்திரி லேபுல நாப்பது கம்ப்யூட்டரையும் கையால பாத்தவன் நான். எதுல எந்த சாஃப்ட்வேர், எத்தனாவது வெர்ஷன், எல்லாம் இந்த நோட்டுல இருக்கு. பொரட்டிப் பாருங்க, ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது.

லேசுப்பட்ட வேலைன்னு நெனைக்காதீங்க. ஒரு சாஃப்ட்வேர் தனியா நிக்காது சார். கல்யாணத்துக்குக் கூப்புடுற மாதிரிதான். மச்சான் வந்தாத்தான் மாமா வருவாரு. அந்த மச்சானுக்கும் சித்தப்பாவுக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. யாருக்கு யார் ஒத்துவரும்னு பாத்துப் பாத்து உக்கார வைக்கணும். ஒரு சுத்து முடிக்க எனக்கு ரெண்டு நாளாகும்.

அவளுக்கா? நாலு நிமிஷம். வேலைக்கு வந்தே மூணு மாசந்தான் ஆகுது. எதுக்கு எந்த வெர்ஷன்னு ஒரு லிஸ்ட் போட்டா, ஒரு பட்டனத் தட்டுனா, ஸ்கிரீன்ல நாப்பது வரியும் பச்சை. ஒத்துவரலேன்னா செவப்பா காட்டுமாம். மேனேஜர் கைதட்டுறாரு சார்! எனக்கு ஒரு நாள் தட்டுனதில்ல. வயித்தெரிச்சல்தான், இல்லேன்னா சொன்னேன்? டாக்டருங்ககூட இப்ப அந்தப் பொண்ண அனுப்புங்கன்னுதான் போன் பண்றாங்க. வீட்டுல சொன்னா, எம் பொண்டாட்டி, அந்தப் புள்ளகிட்ட நீங்களும் கத்துக்கலாமேங்கிறா. அன்னிக்கு நான் சாப்புடல.

ஆமா, திங்கக்கிழமை நானும் இங்கதான் இருந்தேன். ஆறு மணி நேரம் ஒரு ரிப்போர்ட் வெளிய வரல. ஆபரேஷனுக்குப் போக வேண்டியவங்க ரத்த ரிசல்ட்டுக்காக வராந்தாவுல படுத்துக் கெடந்தாங்க. நல்ல வேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகல. லிஸ்ட்ல ஒரே ஒரு நம்பர் தப்பு. அத நம்பி, அவ புரோகிராம் நாப்பதுலயும் பழைய வெர்ஷன ஏத்திருச்சு, மத்த சாஃப்ட்வேரோட ஒத்துவராம எல்லாம் நின்னுபோச்சு.

இன்னிக்குக் காலைல எங்கிட்ட வந்தா. உங்க நோட்டோட ஒத்துப் பாக்காம விட்டது என் தப்பு சார், மன்னிச்சிருங்கன்னா. எங்கிட்டப் போயி!

சாயங்காலம் அவளுக்கு வேலைய விட்டு அனுப்புற கடுதாசி குடுக்குறீங்களாமே? கொஞ்சம் நிறுத்தி வைங்க. சனிக்கிழமை மத்தியானம் அவ ஸ்கிரீன மூடாம சாப்புடப் போயிட்டா. அவ பேர்லதான் பதிவாயிருக்கும். ஆனா லிஸ்ட்ல ஆறுன்னு இருந்த வெர்ஷன நாலாக்குனது நாந்தான். ஸ்கிரீன் செவப்பா வரும், மேனேஜர் முன்னாடி கொஞ்சம் முழிப்பா, அவ்ளோதான் நெனச்சேன். அந்தப் புரோகிராம் சரிபாக்குறதோட நிக்காது, தானா மாத்தியும் வச்சிரும்னு எனக்குத் தெரியாது சார். கேட்டிருந்தா சொல்லியிருப்பா. கேக்கத்தான் எனக்கு வாய் வரல.