இரண்டு உலக்கைச் சத்தம்

மலையிலிருந்து இறங்கிவிட்டால் தண்ணீர் ருசியாக இருப்பதில்லை, ஐயா. ஆனாலும் முள்ளுக்குறிச்சி வரை என்னை நடத்திக் கூட்டிவந்த உங்கள் போலீஸ்காரர் நல்ல மனிதர். வழியில் உட்காரவிட்டார்.

ஜெர்மன் சண்டை தொடங்கிய வருடம் எனக்கும் பெருமாயிக்கும் கல்யாணம். அவளும் அவள் தங்கை கண்ணாயியும் ஒரே உரலில் சாமை குத்துவார்கள். இரண்டு உலக்கையும் மாறி மாறி விழும். பிசகி இடித்துக்கொண்டால் இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது. பெண்டாட்டி சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று நினைப்பது குற்றமில்லையே.

கண்ணாயி மலையிலேயே தள்ளியிருக்கிற திருப்புலி நாட்டில் வாழ்க்கைப்பட்டுப் போனபின் பெருமாயியின் சிரிப்பு குறைந்தது. ராசிபுரம் சந்தையில் வளையல் வாங்கி வந்தேன். காட்டு வேலைக்கு வரவேண்டாம் என்றேன். சாமை குத்தவும் ஆள் வைத்தேன். தினமும் அவள் சோறு போடும்போது முகத்தைப் பார்த்து, "சந்தோசமா இருக்கறயா?" என்று கேட்பேன்.

"நீங்க கேக்கறதுக்கு முன்னால நல்லாத்தானுங்க இருந்தேன்" என்றாள் ஒருநாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தங்கை கூடவே இருந்தால் சரியாகிவிடும் என்று பட்டது. கண்ணாயியின் புருஷன் காளியண்ணனிடம் கேட்டுப் பார்த்தேன்.

"எம்பொண்டாட்டி எங்கூட்டுலதானுங்கண்ணா இருப்பா" என்று சிரித்தான். நியாயமான பேச்சுதான்.

மிளகு பறிப்புக்கு உறவுக்காரர்கள் ஒருவர் தோட்டத்துக்கு ஒருவர் போவது எங்கள் வழக்கம். காளியண்ணன் என் தோட்டத்துக்கு வந்தான். எங்கள் ஏணி ஒற்றை மூங்கில். கணுக்களில் கிளையைக் கொஞ்சம் விட்டு வெட்டியிருப்போம், அதுதான் படி. உச்சிப் படியை முந்தின நாளே பாதிக்குமேல் அறுத்து, மண் பூசி வைத்திருந்தேன்.

"கெட்டியா இருக்குதுங்களாண்ணா?"

"ஏறு சாமி" என்றேன்.

ஏணியின் அடியை நான்தான் பிடித்துக்கொண்டேன். ஆடாமல்தான் பிடித்தேன். கீழே பாறை. அவன் மடியிலிருந்து மிளகு சிதறிக் கிடந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பொறுக்கி எடுத்தேன்.

கருமாதி முடிந்ததும் கண்ணாயியை எங்கள் வீட்டுக்கே அழைத்துவந்தேன். உரலைக் கழுவி, இரண்டு உலக்கையையும் எடுத்துக் கொடுத்தேன். குத்தினார்கள். ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

முறிந்த படியைப் பெருமாயிதான் உங்களிடம் கொடுத்தாளாம். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

கண்ணாயிக்கும் இப்போது முகம் சரியில்லை, ஐயா. அவளுக்கு என்ன குறை என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் நீங்கள் ஆள் அனுப்பிவிட்டீர்கள்.