முழு வாக்கியம்

நன்றாகச் சொல்லிக்கொடுப்பவன் என்று எனக்கு இந்தத் தெருவில் நல்ல பெயர், சார். மாடியில் ஆங்கில வகுப்பு, கீழே வீடு. வகுப்பில் ஒரே ஒரு விதிதான்: கதவைச் சாத்திய பிறகு தமிழில் பேசினால் வாத்தியாருக்குக் காது கேட்காது. செந்தமிழே நாப்பழக்கம் என்றால் ஆங்கிலம் எந்த மூலைக்கு?

"எனக்கும் சொல்லிக்குடுங்களேன்" என்று கேட்டது என் மனைவிதான். ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை கிடைக்கும் போலிருந்தது. அங்கே நாலு பேரோடு பேசிப் பழகிவிட்டால் என்னோடு பேச என்ன இருக்கும்? அந்தப் பயம் எனக்கு இருந்தது, மறைக்கவில்லை. இருந்தாலும் சொல்லிக்கொடுத்தேன். செய்தி வாக்கியம், வினா வாக்கியம், கட்டளை வாக்கியம் எல்லாம். நிகழ்காலம் சீக்கிரம் பிடிபட்டது. இறந்தகாலத்தில்தான் தடுக்கி விழுவாள். 'நேற்றுப் போகிறேன்' என்பாள்.

மாணவர்களுக்கு அந்த விதி ஒரு மணி நேரம், அவளுக்கு நாள் முழுவதும். பிழையாகக் கேட்டால் பதில் கிடையாது. பக்கத்து வீட்டு அக்கா தமிழில் பேசிக் கெடுத்துவிடுவார் என்று வெளியே பூட்டிவிட்டுத்தான் மாடிக்குப் போவேன். அம்மாவோடு பேசிவிடுவாள் என்று போனையும் வாங்கி வைத்துக்கொண்டேன். போகப்போக அவள் பேச்சே குறைந்துவிட்டது. மனதுக்குள் வாக்கியம் கட்டிப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

அவளுக்கு இளைப்பு உண்டு. அன்று காலை, "இன்ஹேலர் தீந்துபோச்சுங்க, வாங்கிட்டு வாங்க" என்றாள். நான் பேப்பரைப் புரட்டினேன். "இன்ஹேலர்... நோ இன்ஹேலர்" என்றாள். "ஃபுல் சென்டென்ஸ்" என்றேன். அவளுக்கு மூச்சு வாங்கியது. அடிமேல் அடி அடித்தால்தான் அம்மி நகரும். வழக்கம்போல் வெளியே வந்து பூட்டினேன்.

"பாவம் சார், அவரு மேல பாடம் நடத்திக்கிட்டு இருந்திருப்பாரு, கதவு தட்டுனது கேட்டிருக்காது" என்று பக்கத்து வீட்டு அக்கா விசாரணையில் எனக்காகப் பேசினாராம். நல்ல மனுஷி. ஆனால் அன்று வகுப்புக்கு விடுமுறை. நான் வாசல்படியில்தான் உட்கார்ந்திருந்தேன். சாவியும் கையில்தான் இருந்தது. தட்டியது, அழுதது, அம்மாவைக் கூப்பிட்டது எல்லாம் கேட்டது. பிழையில்லாமல் ஒரு வாக்கியம் வந்தால் திறந்துவிடலாம் என்று காத்திருந்தேன்.

கடைசியில் வந்தது. "ஓப்பன் த டோர்." ஒரு தப்பும் இல்லை, சார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் கட்டின புருஷனிடம் இப்படியா அதிகாரமாகப் பேசுவது? இன்னொரு தடவை பணிவாகக் கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன்.